லோத்ரெக்கும் 'ஐயோ பாவ'மும்

அவரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் விலை ஜாஸ்தியான காபி ஷாப்களில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். ஒரு பெண் காலைத் தூக்கி ஆடுவாள். அவளுக்கு முன்னால் உயரத் தொப்பி வைத்த ஒல்லி ஆசாமி ஒருவன் நிழல் மாதிரி நிற்பான். அல்லது கறுப்பு அங்கி, சிவப்பு மஃப்ளருடன் ஒருத்தர் நம்மை மதிக்காமல் திரும்பிக்கொண்டு போவார். காபி வரும்வரை பார்ப்போம். வந்ததும் மறந்துவிடுவோம். (பக்கத்திலேயே ஒரு பெரிய கறுப்புப் பூனை உட்கார்ந்திருந்தால் அது இவருடையது இல்லை. 1896-ல் ஸ்டைன்லென் வரைந்தது. கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே செட்டாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள்.)

முழுப்பெயர் ஆன்ரி த துலூஸ் லோத்ரெக். 1864-ல் தெற்கு பிரான்சில் அல்பி என்ற ஊரில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். சொந்தத்துக்குள் கல்யாணம், அப்பாவைப் பெற்றவளும் அம்மாவைப் பெற்றவளும் அக்கா தங்கைகள். பையனுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு தொடை எலும்பு முறிந்தது. மறு வருஷம் இன்னொன்று. அதற்குப் பிறகு கால்கள் வளரவில்லை. மேலுடம்பு மட்டும் வளர்ந்தது. கடைசிவரை ஐந்தடியைத் தாண்டவில்லை. பரம்பரையாக வரும் எலும்பு நோயாக இருக்கலாம் என்று 1960களில் மருத்துவர்கள் சொன்னார்கள்.

இந்தப் பாராவைப் படித்ததும் மனசுக்குள் 'ஐயோ பாவம்' என்று ஒரு குரல் வந்ததா? எனக்கும் வந்தது. அதுதான் இந்த வாரப் பிரச்னை.

நான் அவரை முதலில் சந்தித்தது ஓவியத்தில் இல்லை, சினிமாவில். ஜான் ஹூஸ்டன் 1952-ல் எடுத்த 'மூலான் ரூஜ்'. ஹோஸே ஃபெரர் முழங்காலில் நடந்து லோத்ரெக்காக நடித்தார். அப்பாவாகவும் அவரேதான். காதல் கிடைக்காத குள்ளர், குடி, கண்ணீர், மரணப் படுக்கை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் பல வருஷம் அவருடைய எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் முழங்காலில் ஒருத்தர் நடந்து வந்துகொண்டிருந்தார். படம் கண்ணில் படவே இல்லை. 2001-ல் பாஸ் லுர்மன் அதே பெயரில் எடுத்த படத்தில் அவரைக் கோமாளித் துணைப் பாத்திரம் ஆக்கிவிட்டார்கள். நம் ஊர் 'சம்மா சம்மா' பாட்டுக்கூட அதில் வருகிறது. லோத்ரெக்கின் கண் மட்டும் வரவில்லை.

அவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பரிதாபத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவரே அதைத்தான் செய்தார்.

கொஞ்சம் பின்னணி. பாரிஸில் பழைய கட்டடச் சுவர்களில் இன்றைக்கும் 'நோட்டீஸ் ஒட்டாதே, 29 ஜூலை 1881 சட்டம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது பத்திரிகைச் சுதந்திரச் சட்டம். அதிலேயே போஸ்டர் ஒட்டுவதற்கும் வழி திறந்துவிட்டார்கள். தடை செய்த இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் ஒட்டலாம். ஊரே காகிதமாகிவிட்டது. அந்தச் சுவர்களின் ராஜா ழூல் ஷெரே. ஆயிரத்துக்கும் மேல் போஸ்டர் போட்டவர். வண்ண லித்தோ போஸ்டரைப் பாரிஸ் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1890-ல் அரசாங்கமே விருது கொடுத்தது.

லித்தோ என்றால் கல்லச்சு. 1790களில் செனெஃபெல்டர் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது. அவர் நாடகம் எழுதுகிறவர். தன் நாடகத்தைச் செலவில்லாமல் அச்சடிக்க வழி தேடப்போய் இது மாட்டியது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை உள்ள பென்சிலால் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரைந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது. பிறகு மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். எத்தனை நிறமோ அத்தனை கல். இடம் வலம் மாறி விழும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் காசு. ஆகவே மூன்று, நான்கு நிறத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

ஷெரேயின் போஸ்டர்களில் ஒரு பெண் வருவாள். சிரித்துக்கொண்டு, கால் தரையில் படாமல், மஞ்சள் கவுனில் மிதப்பாள். விளக்கெண்ணெய்க்கும் அவள்தான் (குடிக்கிற விளக்கெண்ணெய் இல்லை, விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய்), இருமல் மாத்திரைக்கும் அவள்தான், நடன அரங்குக்கும் அவள்தான். அழகாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவளுக்குப் பெயர் கிடையாது. சரக்கு மாறும், சிரிப்பு மாறாது. ஷெரேயைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் லோத்ரெக் இல்லை. இருந்தாலும், விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணை யாரும் யாரென்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் லோத்ரெக்.

1889 அக்டோபரில் மோன்மார்த்ர் பகுதியில் மூலான் ரூஜ் திறந்தது. சிவப்புக் காற்றாலை என்று அர்த்தம். முதல் போஸ்டர் ஷெரே போட்டது. கழுதை மேல் சவாரி போகும் பெண்கள். 1891-ல் முதலாளி சிட்லர் வேறு மாதிரி வேண்டும் என்று, தினமும் ஒரு மேஜையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த லோத்ரெக்கிடம் கேட்டார். அதுவரை அவர் ஒரு போஸ்டர்கூடப் போட்டதில்லை.

முதல் போஸ்டரே கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு மேல். சுமார் 1.9 மீட்டர். மூன்று தாள்களை ஒட்டினால்தான் முழுப்படம். மேல் துண்டு இல்லாத பிரதிகள் பல இருக்கின்றன. சுமார் 3,000 பிரதிகள் ஊர் முழுக்க ஒட்டினார்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம். அவ்வளவுதான்.

அடுத்த தடவை காபிக்கு உட்காரும்போது தயவுசெய்து அதை ஒரு நிமிஷம் பாருங்கள். நடுவில் ஆடுகிறவர் லூயிஸ் வெபர். மேடைப் பெயர் லா கூலூ, அதாவது பெருந்தீனிக்காரி. வாடிக்கையாளர்களின் கிளாஸை எடுத்துக் காலி செய்கிற பழக்கத்தால் வந்த பெயர் என்பார்கள். அவருடைய வெள்ளைப் பாவாடைதான் படத்திலேயே வெளிச்சமான இடம். அங்கே வெள்ளை மை கிடையாது! அச்சடிக்காத வெறும் காகிதம். சில கோடு போட்டுவிட்டு விட்டுவிட்டார். பின்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டம் முழுக்க ஒரே கறுப்புத் திட்டு. தொப்பி விளிம்பை வைத்துத்தான் ஆளை எண்ண முடியும். முன்னால் எலும்பில்லாத வலாந்தான் என்று பெயரெடுத்த நடனக்காரர், மூக்கும் முகவாயுமாகச் சாம்பல் நிறத்தில் பாதிப் படத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே போனால் நிஜமாகவே இப்படித்தான் தெரியும். முன்னால் எவனாவது மறைப்பான், அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். ஷெரே உங்களுக்குக் கனவை விற்றார். இவர் உங்களைக் கூட்டத்துக்குள்ளேயே தள்ளிவிட்டார்.

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களிலிருந்து வந்த பாடம் இது: நிழல் வேண்டாம், தட்டையான நிறம், ஓரத்தில் தைரியமாக வெட்டு. கையெழுத்தைக்கூட ஜப்பானிய முத்திரை மாதிரி ஒரு வட்டத்துக்குள் போட ஆரம்பித்தார். ஆனால் ஜப்பான் மோகம் அன்றைக்குப் பாரிஸில் எல்லோருக்கும் இருந்தது. எல்லோரும் லோத்ரெக் ஆகவில்லையே.

ராத்திரி போஸ்டர் ஒட்டுகிறவன் பின்னாலேயே போய், பசை காய்வதற்குள் உரித்து எடுத்துக்கொண்டு ஓடுகிற ரசிகர்கள் பாரிஸில் கிளம்பினார்கள். கடைகளிலும் போஸ்டர் விலைக்கு வந்தது. அடுத்த வருஷம் பாடகர் அரிஸ்தீத் ப்ரூயானுக்காகப் போட்டதுதான் அந்தக் கறுப்பு அங்கி, சிவப்பு மஃப்ளர். ப்ரூயான் தன் விடுதிக்கு வருகிற பணக்காரர்களைத் திட்டியே பெயர் வாங்கியவர். அவர் பாட ஒப்புக்கொண்டிருந்த பெரிய அரங்கின் மேனேஜருக்குப் போஸ்டர் பிடிக்கவில்லை. 'இதை மாட்டாவிட்டால் நான் பாடமாட்டேன்' என்றாராம் ப்ரூயான். மாட்டினார்கள். முகத்தில் கண்டபடி கோடெல்லாம் இல்லை. ஒரு புருவம், ஒரு வாய், பாக்கியெல்லாம் அங்கி. அகம்பாவத்துக்கு அதற்கு மேல் கோடு தேவைப்படவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1893-ல் வந்த 'திவான் ழாப்போனே'. ஓர் இசை விடுதிக்கான விளம்பரம். மேடையில் பாடுகிறவர் அன்றைய பெரிய நட்சத்திரம் இவெட் கில்பெர். லோத்ரெக் அவர் தலையை வெட்டிவிட்டார்! கழுத்துக்கு மேல் படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நீளமான கறுப்புக் கையுறைகள் மட்டும் தெரிகின்றன. அது போதும், பாரிஸே கண்டுபிடித்துவிடும். போஸ்டரின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பது பார்வையாளர் வரிசையில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருக்கும் ழான் அவ்ரில். அவரும் நடனக்காரர்தான். இன்றைக்கு ஆட்டம் இல்லை, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். கதாநாயகியின் தலையை வெட்டிவிட்டு, டிக்கெட் வாங்கி வந்த பெண்ணைப் பெரிதாகப் போட்டு ஒரு விளம்பரம். எந்த விளம்பரக் கம்பெனி இதற்கு இன்றைக்கு ஒப்புதல் கொடுக்கும்?

ழான் அவ்ரில் சிறுவயதில் நரம்புக் கோளாறுக்காகப் பாரிஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தவர். லோத்ரெக்குக்கு நல்ல சிநேகிதி. அதே 1893-ல் அவருக்காகப் போட்ட இன்னொரு போஸ்டரில், முன்னால் ஒரு பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தின் கழுத்தும் அதைப் பிடித்த கையும். அந்தக் கழுத்திலிருந்தே ஒரு கோடு கிளம்பிப் போய்ப் படத்துக்குச் சட்டம் கட்டிவிடுகிறது. சட்டத்துக்குள் அவ்ரில் காலைத் தூக்கி ஆடுகிறார். கால் உற்சாகமாக இருக்கிறது. முகத்தைப் பாருங்கள், அதில் களைப்பு. இரண்டையும் ஒரே போஸ்டரில் வைத்துவிட்டார். 'பாவம், வயிற்றுப் பிழைப்புக்கு ஆடுகிறாள்' என்று அந்தக் களைப்பு சொல்லவில்லை. 'இது வேலை, வேலை செய்தால் களைக்கும்' என்கிறது. அவ்ரிலுக்கு அது புரிந்திருந்தது. தன் புகழ் லோத்ரெக்கின் போஸ்டரிலிருந்துதான் தொடங்கியது என்று பின்னால் சொன்னவர் அவர்.

இவெட் கில்பெருக்கு அவ்வளவு சுலபமாகப் புரியவில்லை. 1894-ல் அவருக்காக ஒரு போஸ்டர் மாதிரி வரைந்து காட்டியபோது, இவ்வளவு கோரமாக வரையாதீர்கள் என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார். போஸ்டர் வேலை ஸ்டைன்லெனுக்குப் போய்விட்டது. (ஆமாம், அதே பூனைக்காரர்.) மூக்கு மேலே தூக்கி, முகவாய் நீண்டு, கழுத்து நரம்பு தெரிய, நிஜமாகவே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது அந்தப் படம்.

அப்படியானால் லோத்ரெக் கொடூரமானவரா? இந்தக் கேள்வியில் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். உடம்பு குறைந்தவர் அழகானவர்களைப் பழிவாங்குகிறார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது மறுபடியும் அதே 'ஐயோ பாவம்' கட்சிதான் என்று தோன்றுகிறது, வேறு சட்டை போட்டுக்கொண்டு. தன்னை அவர் எப்படி வரைந்தார் என்று பாருங்கள். சிகாகோவில் இருக்கிற 'மூலான் ரூஜில்' என்ற பெரிய ஓவியத்தில் பின்னணியில் அவர் நடந்து போகிறார். கூட யார்? குடும்பத்திலேயே நெடுநெடுவென்று வளர்ந்த ஒன்றுவிட்ட சகோதரர் கப்ரியேல். குள்ளத்தை மறைக்க நினைக்கிறவன் செய்கிற காரியமா இது? தன்னிடம் எந்தச் சலுகையும் காட்டாத கண்தான் கில்பெரிடமும் காட்டவில்லை. அதே 1894-ல் கில்பெர் பற்றிய அவருடைய லித்தோ ஆல்பம் நூறு பிரதிகள் வந்தபோது, கெஞ்சிய அதே கில்பெர் பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். 1890-ல் பிரஸல்ஸ் கண்காட்சியில் த க்ரூ என்ற ஓவியர் வான்கோவின் படங்களைக் கேவலமாகப் பேசினார். லோத்ரெக் அவரை அங்கேயே சண்டைக்குக் கூப்பிட்டுவிட்டார். தெருச் சண்டை இல்லை, முறைப்படியான துவந்த யுத்தம். எதிராளி மன்னிப்புக் கேட்டதால் நின்றது. வான்கோவின் படங்களை ஊரே சீந்தாத காலம் அது. கைத்தடி ஊன்றி நடக்கிற, ஐந்தடிக்கு எட்டாத ஒருவர் சிநேகிதனுக்காகச் செய்தது இது. ஃபெரர் படத்தைப் பார்த்து நான் சிந்திய கண்ணீர் எவ்வளவு அனாவசியம் என்று இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

விலைமாதர் விடுதிப் படங்களுக்கு வருவோம். வாரப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதுவதில் கொஞ்சம் சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய பெருமையே இங்கேதான். 1894-ல் வரைந்த ஒன்றில் இரண்டு பெண்கள் உள்ளாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சட்டப்படியான மருத்துவப் பரிசோதனைக்கு. வேறு ஓவியர் கையில் கிடைத்திருந்தால் இது ஒன்று மஞ்சள் பத்திரிகைப் படம் ஆகியிருக்கும், அல்லது சமூகச் சீர்கேட்டைச் சாடும் கண்ணீர்ப் படம் ஆகியிருக்கும். லோத்ரெக்கிடம் ரேஷன் க்யூவில் நிற்கிற முகம்தான் இருக்கிறது. சலிப்பு. 'சீக்கிரம் முடிந்தால் தேவலை.'

1896-ல் அதே பெண்களை வைத்து 'எல்' என்று ஒரு லித்தோ வரிசை வெளியிட்டார். பிரெஞ்சில் பெண்களை மட்டும் குறிக்கிற 'அவர்கள்'. தமிழில் அந்தப் பிரிவினை இல்லாததால் மொழிபெயர்க்க முடியாத தலைப்பு. தலை வாருகிறார்கள், முகம் கழுவுகிறார்கள், கண்ணாடி பார்க்கிறார்கள், படுக்கையிலிருந்து எழ மனசில்லாமல் கிடக்கிறார்கள். வாடிக்கையாளர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தலைப்பைப் பார்த்து ஆசையாக வாங்க வந்தவர்கள் ஏமாந்திருக்க வேண்டும். வியாபாரம் படுத்துவிட்டது. பதிப்பாளர் செட்டைப் பிரித்துத் தனித்தனியாக விற்கும்படி ஆயிற்று. நல்ல கலை ஏன் விற்காது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் என்னிடம் இல்லை.

எல்லாமே உசத்தி என்று சொல்லமாட்டேன். கடைசி வருஷங்களில் மெஸலினா என்ற ஓபராவைப் பார்த்து வரைந்த எண்ணெய் ஓவியங்கள் கனமாக, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கின்றன. அட்டையில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக இழுத்த பழைய கோடு காணாமல் போய்விட்டது. சைக்கிள் செயின் கம்பெனிக்காகப் போட்ட ஒரு போஸ்டரில் இயந்திர பாகத்தைச் சரியாக வரையவில்லை என்று திருப்பியே அனுப்பிவிட்டார்கள். மனிதர்களை ஒரு பார்வையில் பிடித்தவருக்கு செயின் பிடிபடவில்லை.

குடி முற்றி 1899-ல் பாரிஸுக்கு வெளியே நெய்யியில் ஒரு மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக, முன்பு பார்த்த சர்க்கஸ் காட்சிகளை மாடல் எதுவும் இல்லாமல் ஞாபகத்திலிருந்தே வரைந்தார். குதிரை, கரடி, கோமாளி, கம்பியில் நடப்பவள். சில மாதங்களில் வெளியே விட்டார்கள். வரைந்தே விடுதலை வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டார். 1901 செப்டம்பர் 9-ம் தேதி அம்மாவின் மாளிகையில் இறந்துபோனார். வயது 36. போஸ்டர்கள் முப்பது சொச்சம். ஓவியம், கோட்டுச் சித்திரம் எல்லாம் ஆயிரக்கணக்கில். 1922-ல் அல்பியில் பழைய பிஷப் அரண்மனையில் அவருக்கென்று மியூசியம் திறந்தார்கள்.

லா கூலூவை மறந்துவிட்டோமே. அந்த முதல் போஸ்டரில் காலைத் தூக்கியவர். உடம்பு போட்டது, மூலான் ரூஜை விட்டு விலகி, 1895-ல் பாரிஸ் சந்தைத் திடலில் சொந்தமாகக் கொட்டகை போட்டார். ஏதாவது வரைந்து கொடு என்று லோத்ரெக்கைக் கேட்டார். அவரும் கொட்டகை வாசலின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பிரம்மாண்டமான திரைகள் வரைந்து கொடுத்தார். கொட்டகை ஓடவில்லை. திரைகள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒரு வியாபாரியிடம் போக, அவர் துண்டு துண்டாக விற்றால் லாபம் என்று கத்தி வைத்து வெட்டிவிட்டார். லா கூலூ கடைசிக் காலத்தில் மூலான் ரூஜ் பக்கத்திலேயே வேர்க்கடலையும் சிகரெட்டும் விற்றுக்கொண்டிருந்தார். 1929 ஜனவரியில் இறந்தார். அதே 1929-ல் பிரெஞ்சு அரசாங்கம் துண்டுகளைத் தேடி வாங்கி ஒட்டுப்போட்டது. இப்போது ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது. ஒட்டுப்போட்ட தழும்பை உற்றுப் பார்த்தால் தெரியும்.

வலது பக்கத்துத் திரையில் லா கூலூ மேடையில் காலைத் தூக்கி ஆடுகிறார். கீழே பார்வையாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பெரிய உருவம் ஆஸ்கர் வைல்டு. அந்த வருஷம்தான் அவர் லண்டனில் கைதாகிச் சிறைக்குப் போனார். பக்கத்தில் தொப்பி வைத்த ழான் அவ்ரில். அவரை அடுத்து, மற்றவர்களின் தோளுக்குக்கூட எட்டாமல், கழுத்தில் மஃப்ளரும் தலையில் தொப்பியுமாக ஒருத்தர் டிக்கெட் வாங்கி வந்த மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் முதுகுதான் தெரிகிறது.